வெனிலா போட்டுக்கொண்டு கேட்டில் நின்றேன்

பனி இறங்கிவிட்டது. எங்கள் தங்கச் சுரங்க ஊரான மைசூர் மைன்ஸ் கடைத்தெருவில் வெனிலா வாசனையில் ஒரு சென்ட் வந்திருக்கிறது.

"குளிருக்கு துரைமாருங்க இதான் போடறாங்க. கதகதன்னு இருக்கும்," என்றார் கடைக்காரர்.

மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய வீட்டில் தனியாகப் படுக்கிறவன் நான். அந்த ஒரு சொல்லுக்காகவே வாங்கினேன்.

இன்று கழுத்தில் தடவிக்கொண்டு, தங்கக் கல்லை அரைக்கிற மில்லுக்கு வேலைக்குப் போனேன். பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டு வேளையில் வேண்டுமென்றே கூட்டத்துக்கு நடுவில் போய் உட்கார்ந்தேன். அப்போதும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வேலை விட்டு வரும்போது, தங்கத்தை ஒளித்து எடுத்துப் போகிறோமா என்று கேட்டில் வழக்கம்போலத் தடவிப் பார்த்தார்கள். வாட்ச்மேன் என் கழுத்தருகே மூக்கைக் கொண்டுவந்தார்.

"இன்னாய்யா, கேக் வாசனை வருது. எங்க வச்சிக்கினு கீறே?"

"எங்கயும் இல்லீங்க. சென்ட்டு போட்டுக்கினு வந்தேன்."

அவர் நம்பவில்லை. தலைப்பாகையை அவிழ்க்கச் சொல்லி, மடியையும் இன்னொரு முறை பார்த்தார். பிறகு சிரித்தார்.

"நல்லாத்தான் கீது. வூட்ல எதுனா விசேஷமா?"

"இல்லீங்க. குளிருக்கு."

நாளைக்கும் போடுவேன். என் வீட்டைப் பற்றி விசாரிக்க இந்த ஊரில் ஒருவர் இருக்கிறார். அதற்கு அவர் என்னைத் திருடன் என்று சந்தேகப்பட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

உங்களை யார் விசாரிக்கிறார்கள்?