குரூப்பில் போட்டிருக்கேன், பாருங்க

ஜமுனாமரத்தூரில் எச்.ஐ.வி. பரிசோதனை அறையில் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். பரிசோதனையும் பேச்சும்தான் இங்கே மலைமேல் நடக்கும். மாத்திரை தொடங்குகிற மையம் மலைக்குக் கீழே, ஒரு பெரிய மருத்துவமனையில் இருக்கிறது. குடிக்கு வைத்தியம் பார்க்கும் வார்டும் அதே வளாகத்தில்தான். இரண்டுக்கும் நடுவே ஒரு வேப்பமரமும் டீக்கடையும். ஆனால் ஒருவரோடு ஒருவர் பேசியதே இல்லை. அதற்காகத்தான் மையத்து டாக்டர், வார்டு டாக்டர், நர்ஸுகள், எங்களைப் போன்ற ஆலோசகர்கள் எல்லாரையும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினேன்.

முதல் வாரமே தெரிந்துவிட்டது. காலையில் ரோஜாப்பூ, மதியம் பிறந்தநாள் வாழ்த்து, சாயங்காலம் யாருக்கோ பிரமோஷன். நோயாளியைப் பற்றி நான் போட்டால் ஒரு கட்டைவிரல் வரும். அதை என்னவென்று எடுத்துக்கொள்வது? பார்த்தேன் என்றா, அனுப்பு என்றா, தொந்தரவு பண்ணாதே என்றா?

அப்போதுதான் நெல்லிவாசல்நாட்டுப் பக்கத்திலிருந்து அந்த மனிதர் வந்தார். சாமை விதைக்கிறவர், புளி சீசனில் மரம் ஏறுகிறவர். எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து ஒரு வருடம் ஆகியும் மாத்திரை தொடங்கவில்லை. காரணம் குடி. அன்று மனைவியோடு வந்து உட்கார்ந்தார்.

"எனுக்கு இத்த வுட்டுடணும்க்கா. எங்க போவணும்னு சொல்லுங்க, போறேன்."

யாரும் வற்புறுத்தாமல் ஒருவர் இப்படிச் சொல்வது எங்கள் வேலையில் அபூர்வம். உடனே குரூப்பில் போட்டேன், பெயர் இல்லாமல். கட்டைவிரல் வந்தது. இருவரையும் பஸ் ஏற்றினேன்.

மாத்திரை மையத்தில், "முதல்ல குடிய நிறுத்திட்டு வாங்க, இல்லன்னா மாத்திரைய ஒழுங்கா சாப்பிட மாட்டீங்க" என்றார்கள். வார்டில், "எச்.ஐ.வி. கேஸுன்னா மாத்திரை மையத்து டாக்டர் கடிதம் வேணும்" என்றார்கள். டீக்கடையைத் தாண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தே அவர்களுக்குப் பொழுது போய்விட்டது. மறுநாள் மனைவி மட்டும் வந்தாள்.

"பஸ்ஸ வுட்டு எறங்கினதும் நேரா பிராந்திக் கடைக்குப் போய்ட்டாரு. இன்னா பண்றதுங்க?"

சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குப் போய்க் குரூப்பில் குரல்பதிவு போட்டேன். "இந்த ஆள் செத்தா அதுக்கும் கட்டைவிரல் போடுவீங்களா?"

இரண்டு பேர் குரூப்பை விட்டு வெளியேறினார்கள். வார்டு டாக்டர் போன் செய்தார்.

"எல்லார் முன்னாடியும் ஏன்மா இப்படி? எனக்குப் போன் பண்ணியிருக்கலாமே."

"குரூப்பில் போட்டிருந்தேன் சார்."

"அதை யாரும்மா பாக்குறா?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஆனாலும் அவர் நல்லவர். அன்றே எதிர்க் கட்டிடத்துக்கு நடந்து போய் மாத்திரை மையத்து டாக்டரைப் பார்த்தார். டீ குடிக்கிற நேரத்தில் முடிந்துவிட்டதாம். அடுத்த வாரம் அந்த மனிதரை வார்டில் சேர்த்தார்கள். அங்கேயே மாத்திரையும் தொடங்கியது. நடுக்கம் நின்று, சாப்பாடு இறங்கி, முகம் தெளிந்தது என்று மனைவி போனில் சொன்னாள்.

அவர் வீடு திரும்பிய நாள் நான் சிக்னல் இல்லாத ஊர் ஒன்றில் முகாமில் இருந்தேன். சாயங்காலம் மேட்டுக்கு வந்ததும் போன் அடுக்கடுக்காகச் சிணுங்கியது. குரூப்பில் ஒரு போட்டோ. மாத்திரை டப்பாவைக் கையில் பிடித்தபடி அவர். முகம் பளிச்சென்று தெரிந்தது. கீழே, 'எங்கள் வெற்றி'. அதுவரை பேசாதவர்கள்கூடக் கைதட்டியிருந்தார்கள்.

அதைப் போட்டிருந்த வார்டு நர்ஸுக்குப் போன் செய்து கத்தினேன்.

"நம்ம குரூப்புதானே மேடம். உங்களுக்குத்தான் சந்தோஷமா இருக்கும்னு போட்டேன்."

அழித்துவிட்டார். காலையிலிருந்து அது எத்தனை போன்களில் இறங்கியதோ, யார் யாருக்கு அனுப்பினார்களோ, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

அந்த மனிதரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"எங்க ஊர்க்காரன் யார்னா அதுல கீறானா?"

"இல்லீங்க."

"நான் மூடி வெச்சிருந்தத நீங்கல்லாம் சேர்ந்து தொறந்துட்டீங்களேக்கா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

குரூப்பில் யாரும் எதுவும் போட முடியாதபடி அடைத்துவிட்டேன். இப்போது அந்த இரண்டு டாக்டர்களுக்கும் நேரடியாகப் போன் செய்கிறேன். பாதி நேரம் எடுப்பதில்லை. எடுக்கும்வரை அடிக்கிறேன். மேலதிகாரி கூட்டத்தில் குரூப்பை முன்மாதிரி என்று பாராட்டினார். நான் எழுந்து பேச ஆரம்பித்தேன், சாப்பாட்டு நேரம் என்று உட்கார வைத்தார்கள்.

அந்த மனிதர் இப்போது என் அறைக்கு வருவதில்லை. கீழே போய் நேராக மாத்திரை வாங்கிக்கொள்கிறார். சந்தை நாளில் மனைவியைப் பார்த்தேன்.

"குடிக்கிறது இல்லீங்க. மாத்திரையும் தவறாம போட்டுக்குறாரு. உங்க மேல கோவம் ஒண்ணும் இல்ல. உங்க ரூமுக்கு வர்றதுக்குத்தான் கூச்சமா கீதாம்" என்றாள். பஸ் வந்துவிட்டது என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.