யார் கூப்பிட்டார்களோ அவர்கள் வரட்டும்

திங்கட்கிழமை காலை, முதல் நோயாளியின் வாய்க்குள் என் இரண்டு கைகளும் இருந்தபோது, எங்கள் உதவியாளர் கலா கதவருகே வந்து நின்றார். எங்கள் கிளினிக்கில் கதவருகே யாரும் சும்மா நிற்பதில்லை. அடுத்தவர் வந்துவிட்டார், எக்ஸ்ரே தயார் என்று ஏதாவது சொல்லிவிட்டுப் போவார்கள். கலா போகாமல் நின்றார். நோயாளியைக் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். எங்கள் கிளினிக்கைத் திறந்து நடத்திய டாக்டர் சாகுல் அதிகாலைத் தொழுகையை முடித்துவிட்டு மறுபடி படுத்திருக்கிறார், பிறகு எழவில்லை. அவருடைய மகன் போன் செய்திருந்தார். அன்று பிற்பகலே அடக்கம்.

அவருடைய அன்றைய நோயாளிகளை ஒவ்வொருவராக அழைத்துச் சொன்னோம். ஒருவர், "என் ரூட் கேனல் பாதியில் நிற்குதே, இனி யார் முடிப்பாங்க?" என்று கோபப்பட்டு வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரே திரும்ப அழைத்து, பேச முடியாமல் அழுதார். அன்று கிடைத்த இரங்கல்களில் அந்தக் கோபத்தையும் நான் சேர்த்துக்கொள்கிறேன்.

உங்களில் பலர் அவருடைய நாற்காலியில் படுத்திருக்கிறீர்கள். ஆகவே அவருடைய கைகளைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. கூரையைப் பார்த்தபடி நீங்களே அறிந்ததுதான். காயல்பட்டினத்தில் பிறந்து, சென்னையில் படித்து, இங்கே சிட்னிக்கு வந்து தேர்வுகளையெல்லாம் மறுபடி எழுதி, செவன் ஹில்ஸில் ஒரு டயர் கடைக்கும் ஒரு சாப்பாட்டுக் கடைக்கும் நடுவே கிளினிக் திறந்தவர் என்பதும் தெரிந்திருக்கும். பக்கத்து அறையில் வேலை செய்த எனக்கு மட்டும் தெரிந்தது, அவருடைய வியாழக்கிழமைகள்.

பல் மருத்துவம் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் இங்கே பலர் முதலில் ஓர் அறிவியல் பட்டம் படிக்கிறார்கள். பிறகு நேர்முகத் தேர்வு. இந்த வேலையை எங்கே பார்த்தாய் என்று அங்கே கேட்பார்கள். நாற்காலியில் படுத்துப் பார்த்தது கணக்கில் வராது. ஒரு டாக்டரின் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து வந்த பெற்றோர் இதை ஷேடோயிங் என்பார்கள், இலங்கையிலிருந்து வந்தவர்கள் ஒப்சேவ் பண்ணுறது என்பார்கள். எப்படிச் சொன்னாலும் இடம் கிடைப்பதில்லை. கிளினிக்குகளுக்கு எழுதினால் பதில் வராது. வந்தால், பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் இடம் தராது என்று வரும். முகம் கோணாமல் மறுப்பதற்கு இந்த நாட்டில் இன்ஷூரன்ஸைப் போல் உதவுகிற பொருள் வேறில்லை.

கடைசியில் மிஞ்சுவது தமிழ் டாக்டர்கள். மேற்குச் சிட்னியில் ஒரு தமிழ்ப் பிள்ளை பல் மருத்துவம் படிக்கப்போகிறது என்றால், அது முதலில் அப்பாவுக்குத் தெரியும். பிறகு ஹெலன்ஸ்பர்க் கோயிலின் கார் நிறுத்துமிடத்துக்குத் தெரியும். பிள்ளைக்குத் தெரிய இன்னும் கொஞ்சம் நாளாகும். ஆகவே எங்களுக்கு வரும் போன்கள் எல்லாம் பெற்றோரிடமிருந்தே வரும். அவற்றுக்கு டாக்டர் சாகுல் ஒரே ஒரு விதி வைத்திருந்தார். யார் கூப்பிட்டார்களோ அவர்கள் வரட்டும்.

"என் முதுகுக்குப் பின்னால ஒரு ஆள் நாள் முழுக்க நிக்கணும்னா ஆசை இருக்கணும்" என்பார். "யாருக்கு ஆசைன்னு எனக்கு எப்படித் தெரியும்? போன் பண்றவங்களுக்குத்தான் இருக்கு."

பெரும்பாலான பெற்றோர் சிரித்துவிட்டு வைப்பார்கள். மறுநாள் பிள்ளை அழைக்கும். சிலர், அவர் விளையாடுகிறாரா இல்லையா என்று புரியாமல், பயந்துபோய் வந்துவிடுவார்கள். அவர் விளையாடவில்லை. வந்தவருக்கு முகக்கவசம் கொடுத்து, சுவரோரம் நிறுத்தி, மாலைவரை எல்லாவற்றையும் விளக்குவார். அப்படி மகனுக்காகப் போன் செய்து, அதன் பலனாக ஒரு வியாழக்கிழமை முழுவதும் நின்றவர்தான் கலா. அடுத்த வியாழனும் தானாகவே வந்தார். பிறகு டென்டல் அசிஸ்டென்ட் படிப்பில் சேர்ந்தார். மகன் கணக்காளராக இருக்கிறார். யாருக்கு ஆசை என்ற கேள்வி அந்த வீட்டில் இப்படித் தீர்ந்தது.

சிவநேசன் அழைத்தது போன வருடத்துக்கு முந்தைய குளிர்காலத்தில். வெஸ்ட்மீட்டில் வீடு, ரயில்வேயில் பொறியியலாளர். டாக்டர் சாகுலுக்குப் போனைக் காதில் வைக்கும் பழக்கம் கிடையாது. முன்மேசையில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே பேசுவார். ஆகவே எல்லாம் எங்கள் காதிலும் விழும்.

"டொக்டர், என்ரை மகள் ஆரணி. யூனியிலை கடைசி வருஷம். ஒப்சேவ் பண்ண ஒரு நாள் விடுவீங்களோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான்."

"ஆசை யாருக்கு?"

"மகளுக்குத்தான்."

"போன்ல இருக்கிறது?"

"நான்."

"அப்ப நீங்க வாங்க. வியாழக்கிழமை எட்டரை மணி. மூடின ஷூ போட்டுக்கோங்க."

"ஓம் டொக்டர், வாறன்."

வந்தார். நல்ல தோல் ஷூ போட்டிருந்தார். முகக்கவசத்துக்கு மேலே நரைத்த புருவங்களோடு சுவரோரம் நின்ற அவரைப் பார்த்து ஒரு பெண்மணி, "டாக்டர், இவர் யாரு?" என்று கேட்டார்.

"பல் டாக்டராகலாம்னு பார்க்கிறார். நீங்க சம்மதிச்சா நிப்பார்."

"இந்த வயசிலயா?"

"என்ன செய்றது, போன் பண்ணிட்டார்."

சிவநேசன் நாள் முழுவதும் ஒழுங்காக நின்றார். கேட்டபோது மட்டும் பேசினார். எச்சில் உறிஞ்சும் பம்பு ஏன் இப்படி இரைகிறது என்று ஒரு சந்தேகம் கேட்டார். அவர் சொன்னதுபோல் ஒரு குழாயை மாற்றியபின் அது இரையவில்லை. சாப்பாட்டு நேரத்தில்தான், "உங்கடை குசினிக்குள்ளை ஒரு விஷயம் கதைக்கலாமோ?" என்றார். அந்தச் சின்னச் சமையலறையில் நானும் இருந்தேன். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

"நேர்முகத்துக்கு ஆறு கிழமைதான் கிடக்கு டொக்டர். அவள் எழுதாத கிளினிக் இல்லை. பதில் போட்டவையும் கோல் பண்ணுங்கோ எண்டுதான் போட்டவை. அவளுக்குக் கதைக்கேக்கை சொல் திக்கும். நேரிலை எண்டால் பரவாயில்லை. போனிலை ஏலாது. சின்னனிலை இருந்து அவளுக்கு நான்தான் போன்."

டாக்டர் சாகுல் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார்.

"இதை நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் உங்கடை முகம் இப்பிடித்தான் போகும். அதுக்குத்தான் சொல்லேல்லை."

டாக்டர் சாகுல் சொன்னார்: "பிள்ளை போன் பண்ண வேணாம். அடுத்த வியாழன் நேரா வரட்டும்."

விஷயம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஒரு விதி, அதைத் தளர்த்தத் தெரிந்த ஒரு மனிதர். ஓர் அஞ்சலிக் கட்டுரைக்கு அது போதும். ஆனால் அந்தப் பெண் இதற்குச் சம்மதிக்கவில்லை.

மறுநாள் முற்பகலில் போன் அடித்தது. கலா எடுத்தார், யாரும் பேசவில்லை, வைத்துவிட்டார். பேசாத போன்கள் எங்களுக்கு நிறைய வரும். எங்கோ ஓர் ஊரிலிருந்து நம் வங்கிக் கணக்கைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள். மறுபடி அடித்தது. மறுபடி வைத்தார். மூன்றாவது முறை அடித்தபோது டாக்டர் சாகுல் ஒரு நோயாளிக்கு மரப்பு ஊசி போட்டுவிட்டு, அது ஏறட்டும் என்று வெளியே வந்திருந்தார்.

"யாரு கலா?"

"யாரும் இல்ல சார். சும்மா அடிச்சுட்டுப் பேசாம இருக்காங்க."

அவர் ஸ்பீக்கரை அழுத்தினார். "டாக்டர் சாகுல் பேசுறேன். என் பேஷன்ட்டுக்கு மரத்துப்போகக் கொஞ்சம் நேரம் ஆகும். எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல."

பிறகு மேசையில் சாய்ந்து நின்றுகொண்டார். மூச்சு கேட்டது. ஒரு சொல்லின் முதல் ஒலி வந்து, நின்று, திரும்பப் போயிற்று. மறுபடி வந்தது. அந்த மேசையைச் சுற்றி நின்ற மூன்று பேருக்கும் அந்தப் பெயர் தெரியும். கலாவின் உதடுகள் அதைச் சொல்லக் குவிந்தன. டாக்டர் சாகுல் ஒரு விரலை உயர்த்தினார். எனக்கும் அது நாக்கு நுனியில்தான் இருந்தது. தெரிந்த ஒரு பெயரைச் சொல்லாமல் நிற்பது எவ்வளவு கடினமான உடற்பயிற்சி என்று அன்று அறிந்தேன். காத்திருந்த நோயாளி ஒருவர் பத்திரிகையைத் தாழ்த்தி எங்களைப் பார்த்தார்.

"ஆரணி" என்றது போன். "ஆரணி சிவநேசன்."

அவர் "சொல்லுங்க" என்றுகூடச் சொல்லவில்லை. மீதியும் வந்தது, பாதி தமிழில், பாதி ஆங்கிலத்தில், இடையிடையே நீண்ட இடைவெளிகளோடு. என்ன படிக்கிறாள், எப்போது நேர்முகம், ஏன் பல் மருத்துவம். கடைசியாக, பக்கத்தில் நின்று பார்க்க அனுமதிப்பீர்களா என்ற கேள்வி.

"வியாழக்கிழமை எட்டரை மணி. மூடின ஷூ போட்டுக்கோங்க."

"அப்பா சொன்னவர்… கோல் பண்ணத் தேவையில்லை எண்டு."

"அப்புறம் ஏம்மா பண்ணினீங்க?"

"எல்லாரும் பண்ணித்தானே வந்தவை."

அவர் போனை வைத்துவிட்டு உள்ளே போனார். நோயாளிக்குக் காதுவரை மரத்திருந்தது.

மாலையில் கலா கேட்டார், "பாவம் சார், பேரையாவது நாம எடுத்துக் கொடுத்திருக்கலாமே."

"அது அந்தப் பிள்ளையோட சாப்பாடு. நீ ஏன் மெல்லுற?" என்றார் டாக்டர் சாகுல்.

ஆரணி வந்த முதல் வியாழன் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதல் நோயாளி எங்களுக்குப் பழக்கமான ஓர் இலங்கை அம்மா, எல்லோருக்கும் அன்ரி. அவருடைய முன்பற்கள் சொந்தப் பற்கள் அல்ல என்பது அவர் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது என்பது அவருடைய நம்பிக்கை. மாணவி ஒருவர் நிற்கலாமா என்று டாக்டர் சாகுல் கேட்டார்.

"யாற்றை பிள்ளை?" என்றார் அன்ரி உடனே.

"யார் பிள்ளைன்னு நான் சொல்லமாட்டேன். யார் பல்லுன்னு அது சொல்லாது. சரியா?"

அன்ரி யோசித்துவிட்டு வாயைத் திறந்தார். இது எங்கள் ஊர்ச் சிக்கல். டாக்டர் சம்மதித்தாலும் நோயாளி சம்மதிக்கமாட்டார். நிற்கிற பிள்ளை யாரோ தெரிந்தவருடைய பிள்ளையாக இருக்கும். அறைக்குள் பார்த்ததும் கேட்டதும் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று எழுதிய தாளில் மாணவர்களிடம் கையெழுத்து வாங்குவோம். அன்ரிகள் தாளை நம்புவதில்லை. டாக்டர் சாகுல் சொன்னால் நம்புவார்கள்.

அன்று சாப்பாட்டு நேரத்தில், என்ன பார்த்தாய் என்று ஆரணியிடம் கேட்டேன். பல்லைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "டொக்டர் கேள்வி கேட்டால்… கையை வெளியிலை எடுத்திடுறார்" என்றாள். "மற்ற டென்ரிஸ்ட் எடுக்கிறேல்லை. வாய்க்குள்ளை கை வைச்சுக்கொண்டு, ஹொலிடே எப்பிடி எண்டு கேப்பினம். பிறகு தாங்களே பதில் சொல்லுவினம்."

பக்கத்து அறையில் இத்தனை காலம் வேலை செய்த நான் அதைக் கவனித்ததில்லை. யார் அதைக் கவனிப்பார்கள் என்பதும் அப்போது புரிந்தது.

நேர்முகம்வரை எல்லா வியாழக்கிழமையும் வந்தாள். நேர்முகம் முடிந்தபின்னும் ஒரு நாள் வந்தாள்; எப்படி நடந்தது என்று நாங்கள் கேட்டதற்கு, அவர்களுக்கு நேரம் போதவில்லை, எனக்குப் போதுமாயிருந்தது என்றாள். பிறகு மாதங்கள் ஓடின. ஒரு மாலை சிவநேசன் அழைத்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் வழக்கத்தைவிட வேகமாக இருந்தது.

"டொக்டர் நிக்கிறாரோ? ஒரு விஷயம்…" என்று தொடங்கியவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். "இல்லை. இருங்கோ. அவளே சொல்லட்டும்."

போன் கை மாறியது. சொல்ல வேண்டியது இரண்டே சொற்கள். அவை வந்து சேர நேரமாயிற்று. பின்னால் சிவநேசன் இருந்தார், அவருடைய மூச்சுகூடக் கேட்டது, ஆனால் அவர் குறுக்கே வரவில்லை. இடம் கிடைத்துவிட்டது. வேறு மாநிலத்தில்.

டாக்டர் சாகுல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அங்க குளிர் அதிகம்மா" என்றார். "கைய சூடா வச்சுக்கோங்க. ஜில்லுனு தொட்டா பேஷன்ட் பயந்துருவாங்க." அவர் வாழ்த்து சொல்லி நான் கேட்டது அவ்வளவுதான்.

அவருடைய அறை இப்போது பூட்டியிருக்கிறது. அவருடைய நோயாளிகளில் சிலர் என்னிடம் வருகிறார்கள். நேற்று ஒரு பெரியவர். வலி எங்கே என்று கேட்டுவிட்டு, கைகளை அவர் வாயிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் வெகுநேரம் கூரையைப் பார்த்தார். சொல்லை எடுத்துக் கொடுக்க எனக்கு நிறையத் தெரியும். மேல் தாடையா, கீழா, குளிர்ந்த நீருக்கா, மெல்லும்போதா. ஒன்றும் கொடுக்கவில்லை. கடைசியில் அவர் சொன்னார்: வலி எங்கேயும் இல்லை, மனைவி போனபின் தனியாக உட்கார்ந்து மெல்லப் பிடிக்கவில்லை, இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இங்கே வந்தேன். அவர் பேசி முடிப்பதற்குள் அடுத்தவருடைய நேரம் தாண்டிவிட்டது. அடுத்தவர் கோபித்துக்கொண்டார், அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். டாக்டர் சாகுலிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தத் தாமதம்தான்.