கோழி வயச வர்க்கம் பண்ணுன கத

புள்ளியியல் படிக்கிற பொழப்புல நம்பரு நம்மள அழ வெக்கறதில்லைங்க, நம்பரப் பாத்துத் தலையாட்டற ஆளுங்கதான் அழ வெப்பாங்க. ப்ராஜெக்ட் கைடு கையெழுத்துக்கு நாயா அலஞ்சவங்களுக்கு நான் சொல்றது புரியும்.

படுத்துக்கிட்ட கோடு

புதுச்சத்திரம் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில வாரவாரக் கணக்கு வாங்கிட்டு வந்தேன். கோழிக்கு எத்தன வாரம் வயசு, நூறு கோழிக்கு எத்தன முட்ட. கைடு சொன்னபடி ரிக்ரெஷன்ல, அதான் புள்ளிங்களுக்கு நடுவால போற மாதிரி, ஒரு நேர்கோடு போட்டேன். அது ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல, பாய் விரிச்ச மாதிரிப் படுத்துக்கிச்சு. வெள்ளிக்கெழமக்குள்ள கையெழுத்து விழுகலைன்னா செமஸ்டரே போச்சு. கைடு சார் ஒரே பார்வ பாத்தாரு. "வயசுக்கும் முட்டைக்கும் சம்பந்தமில்லைன்னு எழுதி முடிச்சிரும்மா."

சரசக்கா சிரிப்பு

சம்பந்தமில்லையா? நாமக்கல்லுல உக்காந்துக்கிட்டு! கடுப்புல நேரா பண்ணைக்கே போயி, முட்ட பொறுக்கற சரசக்காகிட்டச் சொன்னேன். ட்ரேயக் கீழ வெச்சிட்டுச் சிரிச்சாங்க. "அப்படீன்னா நேத்து எறக்குன குஞ்சுகிட்டயே முட்ட கேக்கலாமே கண்ணு?"

வர்க்கம்

ஊட்டுக்கு வந்ததும் வயசுக்குப் பக்கத்துல இன்னொரு வரிச எண்ணு போட்டேன், வயசோட வர்க்கம். இருபதுக்கு நானூறு, முப்பதுக்குத் தொள்ளாயிரம். அதையும் சேத்துக் கணக்க ஓட்டுனா, கோடு மலக்கரடு மாதிரி ஏறி எறங்குது! மறுநாளே சார்கிட்ட ஓடுனேன். "வர்க்கம் போட்டா கோடு வளையுது, அது லீனியரே இல்லம்மா"ன்னாரு. "வளையறது கோடுதானுங்க சார், வயசப் பெருக்கற எண்ணு, அந்தக் கெழுவ யாரு வர்க்கம் பண்ணா? லீனியர்தானுங்க!" டிபார்ட்மெண்டே திரும்பிப் பாத்துச்சு. சார் மொகம் செவந்துபோச்சு. "உனக்குக் கையெழுத்து வேணுமா, சண்ட வேணுமா?"

வெரல் வெச்ச எடம்

வியாழக்கெழம சரசக்காகிட்டப் படத்தக் காட்டி நியாயம் கேட்டேன். கோட்டு மேலயே வெரல ஓட்டுனாங்க. "ஏறறதும் எறங்கறதும் ஒரே சரிவா இருக்குதே? எங்க கோழி வெடுக்குன்னு ஏறும் கண்ணு, எறங்கறதுதான் மெதுமெதுவா."

ஒப்புதல்

எனக்கு வந்த ஆத்திரம் என்மேலயேதான். வர்க்கம் போட்டா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான் வளையும், அதனால உச்சி நெச உச்சியத் தாண்டித் தள்ளி நிக்குது. இதக்கூடப் பாக்காமத்தான் அந்தக் கத்து கத்தியிருக்கேன்! கடைசிப் பக்கத்துல எழுதுனேன்: நேர்கோடு முழுசாத் தப்பு, என் வளைவு பாதி தப்பு, எந்தெந்த வாரத்துல தப்புங்கறது இதோ. வெள்ளிக்கெழம சார் அந்தப் பக்கத்த ரெண்டு தடவ படிச்சாரு. "தப்ப நீயே எழுதிட்ட, இனி நான் எதத் திருத்தறது? கையெழுத்து எங்க போடோணும்?"

ஆக, நாந்தான் சரின்னு தொண்ட கிழியக் கத்துனதுக்கு ஒரு மதிப்பும் இல்ல, ஒரே பக்கம் ஒத்துக்கிட்ட தப்புலதாங்க என் செமஸ்டர் பொழச்சுது.