கோவிந்தராஜர் கோயில் தெருவில் கூப்பிட்ட பெயர்

கொரோனா அடங்கி, எங்கள் ஊர்க்காரர்கள் மறுபடியும் திருமலைக்கு நடக்க ஆரம்பித்த முதல் புரட்டாசி அது. எங்களுக்குப் புத்தூர் பக்கம் ஒரு கிராமம். ஆந்திராவில் இருந்தாலும் வீட்டில் தமிழ்தான். மஞ்சள் துணி கட்டி, நாமம் போட்டு, செருப்பில்லாமல் கிளம்புகிற கூட்டத்தில் என் மாமனார் வருடம் தவறாமல் போவார். அந்த வருடம் மட்டும் அவரை விடக்கூடாது என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். காரணம், மாமாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்திருந்தது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "இன்னும் சோறு போடலியா?" என்பார்.

போகக்கூடாது என்று சொன்னதும் அவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "நான் கூட்டிக்கினு போறேன், பத்திரமா கூட்டிக்கினு வரேன்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நைனா எங்கனா காணாம பூட்டா உன்னத்தான் கேப்பேன்" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

எங்கள் கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மஞ்சள் கட்டியதிலிருந்து மலையேறி சாமி பார்க்கிற வரைக்கும் யாரையும் பெயர் சொல்லியோ உறவு சொல்லியோ கூப்பிடக்கூடாது. எல்லாருமே கோவிந்தாதான். "கோவிந்தா, லாரி வருது, ஓரமா வா." "கோவிந்தா, இட்லி துன்னியா?" மாமனாரை அப்படிக் கூப்பிட முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் ஜாலியாகத்தான் இருந்தார். வழியெல்லாம் பாட்டு வேறு.

முதல் நாள் திருச்சானூரில் தாயாரைப் பார்த்துவிட்டு அங்கேயே தங்கினோம். மறுநாள் காலையில் திருப்பதி டவுனுக்குள் நுழைந்தோம். கோவிந்தராஜரைக் கும்பிட்டுவிட்டுத்தான் மலைப்படி ஆரம்பிக்கிற அலிபிரிக்கு நடப்பது வழக்கம். புதிதாக மேம்பாலம் வந்து ஊரே வேறு மாதிரி ஆகியிருந்தது. மாமா நின்று நின்று பார்த்தார். "இது நம்ம திருப்பதி இல்ல கோவிந்தா. வழி மாறி வந்துட்டோம்" என்று முனகினார். அவரால் வேகமாக நடக்க முடியாததால் ஊர்க்காரர்கள் முன்னால் போய்விட்டார்கள். அலிபிரியில் காத்திருக்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள்.

கோயில் தெருவில் குழாயைப் பார்த்து பாட்டிலில் தண்ணீர் பிடித்தேன். மூடி போட்டுத் திரும்பினால் ஆள் இல்லை.

அவரிடம் போனும் கிடையாது. "கோவிந்தா..." என்று தொண்டை கிழியக் கத்தினேன். புரட்டாசி சனிக்கிழமை, கோயில் வாசல். கேட்கவா வேண்டும்? தெரு மொத்தமும் "கோவிந்தா!" என்று பதிலுக்கு முழங்கியது. ஆட்டோ ஓட்டுகிறவர்கூடக் கையெடுத்துக் கும்பிட்டார். மறுபடி கத்தினேன், மறுபடியும் அதேதான். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு நடுத்தெருவில் நின்று அழுதேன்.

ஓரமாகத் துளசி மாலை விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னவென்று தெலுங்கில் கேட்டார். மஞ்சள் வேட்டி, நாமம், காலில் செருப்பில்லை என்று அடையாளம் சொன்னேன். அவர் தெருவைக் கையால் காட்டினார். அங்கே நூறு பேர் அப்படித்தான் இருந்தார்கள். கூடையைப் பக்கத்துக் கடையில் விட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு மைக் வைத்திருந்த பந்தலுக்குக் கூட்டிப் போனார்.

"பேரு செப்பம்மா" என்றார் மைக்கில் இருந்தவர்.

எங்கள் பக்கத்தில் மருமகள் மாமனார் பெயரைச் சொல்ல மாட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் வாயில் அது வந்ததே இல்லை. என் போனில் இருந்த அவருடைய ஆதார் போட்டோவை எடுத்துக் காட்டினேன். மைக்கில் இருந்தவர் அதிலிருந்த பெயரோடு 'காரு' சேர்த்து மரியாதையாக மூன்று முறை அறிவித்தார். யாரும் வரவில்லை.

எப்படி வருவார்? அந்தப் பெயர் கார்டில் மட்டும்தான் இருந்தது. வீட்டில் அவருக்கு வேறு பெயர், அவருடைய அம்மா வைத்த செல்லப் பெயர். நான் கல்யாணமாகி வந்தபோது அப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

மாலைக்கார அம்மா என் முகத்தையே பார்த்தார். "இண்ட்லோ ஏமனி பிலுஸ்தாரம்மா?" என்று கேட்டார். வீட்டில் என்னவென்று கூப்பிடுவீர்கள் என்று. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மைக்கை வாங்கி என் கையில் திணித்துவிட்டார்.

விரதத்தில் பெயர் சொல்லக்கூடாது. மருமகளாகவும் சொல்லக்கூடாது. சாமி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், அந்த மனுஷன் கிடைத்தால் போதும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கழனியில் இருப்பவரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரி அந்தப் பெயரை நீட்டி இழுத்துக் கூப்பிட்டேன். குரல் உடைந்துவிட்டது. இன்னொரு முறை கூப்பிட்டேன்.

"தோ... வரேன்!"

எதிரே பூட்டியிருந்த கடையின் படியில் அத்தனை மஞ்சள் வேட்டிகளுக்கு நடுவே ஒருவர் மட்டும் எழுந்து நின்றார். அவசரமாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தார். கிட்டே வந்து சுற்றுமுற்றும் பார்த்தார்.

"யாரு கூப்ட்டது? எங்க அம்மா கூப்ட்டா மாதிரியே இருந்துச்சி."

"தெரியல மாமா. மைக்குல யாரோ" என்றேன். மாமா என்று சொல்லிவிட்டது அப்புறம்தான் உறைத்தது.

அவர் என் கையில் இருந்த மைக்கைப் பார்த்தார். "நல்லாத்தான் கூப்ட்டாங்க" என்று சொல்லிவிட்டு, "நட கோவிந்தா, நேரமாவுது" என்றார். மாலைக்கார அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு துளசி மாலை போட்டு அனுப்பினார். அலிபிரி வரைக்கும் அவருடைய துண்டின் முனையை நான் விடவே இல்லை.

மலையில் சாமி பார்த்தோம், பத்திரமாக வீடு திரும்பினோம். நடந்ததை என் வீட்டுக்காரரிடம் மறைக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து போய் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

இப்போது மாமாவுக்கு என்னை அடையாளம் தெரிவதில்லை. சில நாள் கதவைத் திறந்துகொண்டு ரோட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிடுவார். பெற்ற மகனே "நைனா, நைனா" என்று கத்தினாலும் திரும்ப மாட்டார். அப்போதெல்லாம் என் வீட்டுக்காரர் என்னைத்தான் பார்ப்பார். நான் வாசலில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். "தோ வரேம்மா" என்று திரும்பி வருவார். இதை எழுதும்போதுகூட அந்தப் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் அவர் திரும்பி வருகிற வரைக்கும் அதைச் சொல்லிக் கூப்பிட எனக்கு இனி எந்தக் கூச்சமும் இல்லை.