என் விரல் அறியாத ஓட்டைகள்

அன்று காலை பிட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தேன். கொதிதண்ணீர் ஊற்றிய மா கையில் சுடவே இல்லை. கொதிக்க முதலே கேத்திலை இறக்கிவிட்டார் என்று என் மனுசனை வைதுகொண்டே குழைத்தேன். குனிந்து பார்த்தால் வலது கை சிவந்து பொங்கியிருந்தது. நோ இல்லை. யாருடைய கையோ என் குசினிக்குள் வந்து வேலை செய்வது போலிருந்தது.

நெடுங்கேணியிலிருந்து வவுனியா ஆஸ்பத்திரிக்கு அம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். தலையை ஸ்கான் எடுத்துப் பார்த்த வைத்தியர் சிறிய பாரிசவாதம் (மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபடுவது) என்றார். அடைபட்டது தலமஸில் (தொடுகையின் செய்திகள் வந்துசேரும் மூளையின் நடுப்பகுதி).

"கை அசையும் அம்மா. ஆனா தொட்டது தெரியாது. அது திரும்பி வரலாம், வராமலும் விடலாம்" என்றார்.

வராவிட்டால் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை.

இதை வாசிக்கும் உங்களில் யாருக்காவது இப்படி ஒரு கை இருந்தால், அந்த நாட்களை நான் விளக்கத் தேவையில்லை. கண்ணைத் திறந்தால் கை இருக்கும், மூடினால் இராது. படுக்கையில் பக்கத்தில் வேறு ஆரோ படுத்திருப்பது போல அது கிடக்கும். பகல் முழுவதும் அரைத்தூக்கத்தில் நடப்பது போலிருந்தது. கோப்பை விழுந்து உடைந்த சத்தம் கேட்ட பிறகுதான் அது என் கையில் இருந்த கோப்பை என்று தெரியும். இவர் அடுப்பு, கத்தி எல்லாவற்றையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். மணிக்கொரு தரம் வந்து "நோகுதோ?" என்று கையை அமத்திப் பார்ப்பார். இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் அலுத்துவிட்டது.

கிளினிக்கில்தான் மட்பாண்ட வகுப்புக்குப் போகச் சொன்னார்கள். கை விரல்களுக்குப் பயிற்சியாக, கிழமைக்கொரு நாள். வகுப்பில் இருந்தவர்களில் பலர் யுத்தத்தில் கையையோ விரல்களையோ இழந்தவர்கள். அவர்களுக்கு நடுவில், இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு ஒன்று இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

முதலில் செய்தது கிண்ணம். மண் உருண்டையில் பெருவிரலை அழுத்தி, சுற்றிச் சுற்றிக் கிள்ளி எடுப்பது. இடது கை பட்ட பக்கம் மெல்லிசாக வந்தது. வலது கை பட்ட பக்கம் அம்மி போல் தடித்து நின்றது. அடுத்தது மண்ணை முறுக்குப் போல் திரித்து அடுக்கிய சாடி. அது என்னைப் போலவே ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு பாலை மரத்து இலை பதித்த தட்டு. அந்த இலையின் நரம்புகளைக் கண் பார்த்தது, விரல் பார்க்கவில்லை. ஆனாலும் ஈர மண்ணோடு இருக்கும்போது மனம் எங்கோ மிதக்கும். வகுப்பு முடிந்தது தெரியாமல் இருந்துவிடுவேன்.

நாலாவதாக ஒரு குடம். வடிவாக வந்துவிட்டது என்று நினைத்தேன். சூளையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது அதில் மூன்று ஓட்டைகள். என் விரல் மண்ணைத் துளைத்துக்கொண்டு போனது எனக்கே தெரிந்திருக்கவில்லை.

அந்தக் குடத்தோடு நான் வீட்டுப் படலைக்கு (வேலி வாசல் கதவு) வந்தபோது இவர் முகம் கறுத்துப்போனது. எங்கள் ஆட்களின் கொள்ளிக்குடத்தில் (சுடலையில் மூத்த மகன் தோளில் சுமந்து சிதையைச் சுற்றி வரும் நீர்க்குடம்) சுற்றுக்கு ஒன்றாக மூன்று ஓட்டை போடுவார்கள். தகப்பனுக்காக அதைச் சுமந்தவர் இவர்.

"இதை உள்ளுக்குக் கொண்டுவர வேண்டாம்" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இது என்ர கை செய்தது. அப்ப என்ர கையையும் வெளியில விட்டிட்டு வரட்டோ?"

அவர் குடத்தை வாங்கி வேலியோரம் வைத்தார். அன்றுதான் எனக்கு விளங்கியது, நான் செத்துப்போவேன் என்று இந்த மனுசன் இவ்வளவு நாளும் பயந்துகொண்டிருக்கிறார் என்று.

அடுத்த கிழமை அதை வகுப்புக்கே திருப்பிக் கொண்டுபோனேன். முல்லைத்தீவுக் கரையிலிருந்து வரும் கிறிஸ்தவரான ஜெசிந்தா அக்கா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தா. அவாவுக்கும் என்னைப் போல ஒரு கைதான், மற்றது யுத்தத்தில் போய்விட்டது.

"எங்கட வேதத்தில இப்பிடி ஒண்டும் இல்லைப் பிள்ளை. வேப்பமிலை போட்டு நுளம்புக்குப் புகை பிடிக்க நல்லாயிருக்கும்" என்று எடுத்துக்கொண்டு போனா.

அதன் பிறகு இவர் மாறினார். குற்றவுணர்வோ என்னவோ, வீட்டிலும் நான் பழக வேண்டும் என்று வயலிலிருந்து ஒரு யூரியாப் பை நிறையக் களிமண் கொண்டுவந்தார். நெல் நன்றாக விளையும் மண், சட்டிக்கும் நல்லதாகத்தான் இருக்கும் என்பது அவர் கணக்கு. கரைத்து அரித்துத்தான் எடுக்க வேண்டும் என்று வகுப்பு ரீச்சர் சொன்னதை நான் வீட்டில் சொல்லியிருந்தும் இருவருக்கும் ஞாபகம் இல்லை.

பின்னேரம், முற்றத்து மரநிழலில் பாயை விரித்துக்கொண்டு இருந்தேன். காற்று குளத்துப் பக்கமிருந்து வந்தது. ரீச்சர் பழக்கியபடி கண்ணை மூடிக்கொண்டு உருண்டையை அழுத்தினேன். ஏதோ சுருக்கென்று குத்தியது. இடது கை என்றுதான் முதலில் நினைத்தேன். இடது கை மடியில் இருந்தது. கண்ணைத் திறக்காமல் அதே இடத்தில் இன்னொரு முறை அழுத்தினேன். மறுபடியும் குத்தியது.

களிக்குள் நத்தை ஓட்டுத் துண்டு ஒன்று. சுட்டுவிரலால் இரத்தம் வடிந்தது. இவர் ஓடிவந்தார்.

"நான் அரிச்செல்லோ தந்திருக்கோணும்" என்று பதறினார். பிறகு வழக்கம்போல, "நோகுதோ?"

"ஓம், நோகுது."

அவர் அப்படியே மண்ணில் இருந்துவிட்டார். "இன்னொருக்காச் சொல்லும்" என்றார்.

சொன்னேன். இருவரும் அழுதோம்.

பெருவிரலும் சுட்டுவிரலும் வந்துவிட்டன. நடுவிரல் சில நாள் வரும், சில நாள் வராது. மற்ற இரண்டும் எப்போது வரும் என்று வைத்தியரிடம் கேட்பதை விட்டுவிட்டேன். வனைந்ததை வெயிலில் வைத்தால் வெடிக்கும், நிழலில் அதன்பாட்டில் காயவேண்டும். நானும் இப்போது அப்படித்தான் நாளைக் கழிக்கிறேன்.

குசினி திரும்ப என்னுடையதாகிவிட்டது. பச்சை மிளகாய் வெட்டினால் விரல் எரிகிறது. கையைக் கழுவும் என்று இவர் சத்தம் போடுவார். நான் கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் கழுவுகிறேன்.