முதுகில் ஏறிய வெயில்

சிறுபிள்ளையாக இருந்தபோது சுதர்ஷினி வெயிலுக்குக் கால் இருக்கிறது என்று நம்பினாள். லிந்துலைக்கு மேலே இருக்கிற தோட்டத்தில் அவர்களுடைய லயம், தொழிலாளர்களின் வரிசை வீடு, பள்ளத்தில் இருந்தது. வாசலில் நின்றால் எதிர்மலை முழுக்கத் தெரியும். மேகம் எங்கேயாவது கிழிந்தால் ஒரு துண்டு வெயில் அந்த மலையில் இறங்கி, தேயிலை மேல் சத்தமில்லாமல் நடக்கும். கோயில் கூரையைத் தொடும். சவுக்கு மரங்களுக்குள் நுழைந்து கொஞ்ச நேரம் காணாமல் போகும். பிறகு ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் ஏறி வரும்.

"அம்மா, வெயிலு வருது!" என்று அவள் கத்துவாள். ராக்காயி ஈரத் துணிகளை அள்ளிக்கொண்டு ஓடி வருவாள். துணி விரித்து முடிப்பதற்குள் வெயில் அடுத்த லயத்துக்குப் போயிருக்கும்.

அப்பா இல்லாத வீடு அது. ராக்காயி கொழுந்தெடுத்து மகளை வளர்த்தாள். சுதர்ஷினி படிப்பை முடித்துக் கொழும்புக்குப் போனாள், ஒரு துணிக்கடையில் சில வருஷம் நின்றாள். நாட்டில் எண்ணெயும் கரண்டும் இல்லாமல் போய், கொழும்புக் கடைகள் பட்டப்பகலிலேயே இருட்டிக் கிடந்த வருஷத்தில் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே திரும்பிவிட்டாள். வந்த கையோடு லிந்துலை டவுனில் ஷிஹாம் நானாவின் கடையில் வேலை கிடைத்தது. குழாய், பெயின்ட், வயர், பல்பு என்று எல்லாம் விற்கிற கடை.

அந்த வருஷம்தான் ஷிஹாம் கொழும்பிலிருந்து முதல் தடவையாக சோலார் தகடுகளை ஏற்றி வந்தார். லொறியிலிருந்து அவற்றை இறக்கியபோது பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"இந்த ஊருல போய் வெயிலை நம்பி யாவாரமா? குடை வித்தாலாவது ஓடும் நானா."

ஷிஹாமுக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆனாலும் சொன்னார்: "வெயில் மிச்சம் கொறவுதான். ஆனா கரண்டு அதவிடக் கொறவா ஈக்கே."

அவர் சொன்னதுதான் நடந்தது. நுவரெலியாவில் ஒரு சின்ன விருந்தினர் விடுதி முதலில் வாங்கியது. அதைப் பார்த்துப் பக்கத்து விடுதி வாங்கியது. பிறகு கரட், லீக்ஸ் போடுகிற தோட்டக்காரர்கள் தண்ணீர் மோட்டாருக்காக வந்தார்கள். கொத்மலைப் பக்கமிருந்து ஒரு பேக்கரிக்காரர் வந்தார், ஒரு பௌத்தப் பன்சலையிலிருந்து பிக்கு ஹாமதுரு ஒருவர் ஆளனுப்பிக் கேட்டார். குளிர்காற்றுக்குத் தகடு சூடேறாமல் நன்றாகவே வேலை செய்கிறது என்று ஊரில் பேச்சு பரவியது. அட்டன் பாதையில் மரக்கறி லொறிகள் கீழே இறங்க, தகடு லொறிகள் மேலே ஏறின. ஷிஹாம் பெயின்ட் டின்களை ஓரமாக ஒதுக்கி, கடையின் முன்பக்கத்தைத் தகடுகளுக்கே விட்டுவிட்டார்.

சுதர்ஷினி முதலில் பொருத்துகிறவர்களோடு அளவு குறிக்கத்தான் போனாள். கீழே நின்று எத்தனை நாள் கழுத்தை வளைப்பது? ஒருநாள் ஏணியில் ஏறிவிட்டாள். அதற்கப்புறம் அவளைக் கூரையிலிருந்து இறக்குவது கஷ்டமாகிவிட்டது. பொம்பளைப் பிள்ளை கூரை மேலே நிற்கிறாள் என்று டவுனில் கொஞ்ச நாள் பேசினார்கள். அவளுக்கு அது காதில் விழவில்லை. மேலே வேறொரு ஊர் இருந்தது. தொலைந்துபோன பந்துகளும் ஒற்றைச் செருப்பும் வால் அறுந்த பட்டமும் கிடக்கிற ஊர். அங்கே நின்றால் மேகம் அவளுடைய தோளை உரசிக்கொண்டு போகும். வேலையாட்கள் தகட்டை நிமிர்த்தும்போது அதற்குள் வானம் சரிந்து விழும், பிறகு மெல்ல நிலைகொள்ளும். தூக்கத்திலும் கூரைகள்தான் வந்தன. நுவரெலியாவின் சிவப்புக் கூரைகள் எல்லாம் கழன்று, தண்ணீரில் மிதக்கிற இலைகள் போலப் பள்ளத்தாக்கில் மெதுவாக மிதந்து போகும். அவள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கால் வைத்து நடப்பாள்.

பொழுது சாய்ந்தால் பஸ் ஏறி லயத்துக்கே வர வேண்டும். ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள். காற்றுக்குப் பறக்காமல் இருக்கத் தகரத்தின் மேல் கற்கள். ஊர்க்கூரையெல்லாம் ஏறி இறங்கியவளுக்குத் தன் வீட்டுக் கூரையில் ஒரு சின்னத் தகடாவது வைக்க வேண்டும் என்று ஆசை வந்தது. கூரை தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் ஒரு நாள் ஆபீசுக்குப் போய்த் தோட்டத்து மனேஜர் துரையிடமே கேட்டாள்.

துரை நல்ல மனுஷர். உட்காரச் சொல்லித்தான் பேசினார். தகரம் பழசு, மரம் உக்கிப்போயிருக்கிறது, ஒருவருக்கு விட்டால் எல்லாரும் கேட்பார்கள், பாரம் தாங்காமல் ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்றார். கம்பனிக்கு எழுதிப் பார்க்கிறேன் என்றும் சொன்னார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதனாலேயே அவளால் கோபப்படவும் முடியவில்லை.

ராக்காயி கேட்டுவிட்டு அடுப்பை ஊதினாள். "நீ எதுக்குப் புள்ள போய்க் கேட்ட? கேக்காம இருந்திருந்தா ஆசையாவது மிச்சம் இருந்திருக்கும்."

அதற்குப் பிறகுதான் அந்த நவம்பர் மாதத்துப் புயல் வந்தது.

மழை என்றால் அப்படியொரு மழை. மலையே கரைந்து ஓடுவது போல இருந்தது. பாதைகள் சரிந்தன, கரண்டுக் கம்பங்கள் வேரோடு பிடுங்கிய செடிகள் மாதிரி விழுந்து கிடந்தன. அவர்கள் லயம் தப்பியது. மேலே இருந்த லயத்துக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கினார்கள். மழை விட்டதும், என்ன குற்றம் செய்தோம் என்று தெரியாத குழந்தை மாதிரி, வானம் நீலமாகச் சிரித்துக்கொண்டு நின்றது. அப்படியொரு வெயிலை அந்தப் பக்கத்தில் யாரும் நெடுநாளாகப் பார்த்ததில்லை. கரண்டு மட்டும் வரவில்லை. போன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

பக்கத்துக் காம்பராவில் பேச்சியம்மா இருந்தாள். அவளுடைய மகள் குவைத்தில் வீட்டுவேலை செய்கிறாள். "டீவியில மலை சரிஞ்சதைப் பாத்திருப்பா. நான் உசிரோட இருக்கேன்னு அவளுக்கு யாரு சொல்றது?" என்று செத்த போனைக் கையில் வைத்துக்கொண்டு இஸ்தோப்புத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாள். சோற்றுக்கு எழுந்திருக்கவில்லை.

சுதர்ஷினி சேற்றுப் பாதையில் இறங்கி லிந்துலைக்கு நடந்தாள். கடையின் மூலையில் மடித்து வைக்கிற சின்னத் தகடுகள் கொஞ்சம் கிடப்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது. துணியில் தைத்தவை, பாரமே இருக்காது. மலை ஏறுகிற வெள்ளைக்காரர்கள் வாங்குவார்கள் என்று ஷிஹாம் எடுத்து, ஒருவரும் சீண்டாமல் தூசி படிந்தவை. கூடவே கையடக்கமான பற்றரிகளும் இருந்தன.

"நானா, அந்த மடிக்கிற தகடுங்க..." என்று அவள் தொடங்கினாள்.

ஷிஹாம் அவளுடைய காலில் அப்பியிருந்த சேற்றைப் பார்த்தார். "எடுத்துட்டுப் போ புள்ள. எல்லாத்தயும் எடு. யாவாரம் பேசுற நேரமா இது?" என்று தானே சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கொண்டுவந்து லயத்து வாசலில் தொங்கவிட்டாள். அங்கே ஒரு வில்லங்கம். பள்ளத்து லயத்துக்கு வெயில் எட்டுவதே மத்தியானத்துக்குக் கிட்டத்தான். எட்டிய கொஞ்ச நேரத்தில் மூட்டம் மூடிக்கொள்ளும். பற்றரி நிறைவதைக் காட்டுகிற விளக்குகளில் ஒரு கண் மினுங்கியது, அவ்வளவுதான். மேலே மலையிலோ காலையிலிருந்தே வெயில் பொழிந்துகொண்டிருந்தது.

மறுநாள் கொழுந்தெடுக்க ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குக் கூப்பிட்டார்கள். ராக்காயி இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, முதுகில் போடுகிற கூடையை எடுத்தவள், வாசலில் தொங்கிய தகட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதை என் கூடையில கட்டிவிடு."

"என்னம்மா சொல்றீங்க?"

"நாள் முச்சூடும் நான் வெயில்லதானே நிக்கிறேன். என் முதுகு சும்மாத்தானே காயுது."

சுதர்ஷினி அசந்துபோனாள். கூடையின் வெளிப்பக்கம் தகட்டை விரித்து, நூலால் இழுத்துக் கட்டினாள். வயரைக் கூடையின் ஓரமாக இறக்கிப் பற்றரியைப் படங்கின் மடிப்புக்குள் செருகினாள். வழியில் மற்றப் பெண்கள் சிரித்த சிரிப்பு ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது. "ராக்காயி அக்கா, பட்டணம் போறீங்களா?" என்றார்கள். அவள் சட்டை செய்யாமல் ஏறிப் போனாள்.

சாயந்திரம் திரும்பி வந்தபோது பற்றரி நிறைந்திருந்தது. சுதர்ஷினி பேச்சியம்மாவின் போனை அதில் செருகினாள். கொஞ்சம் உயிர் வந்ததும் எடுத்துக் குவைத்துக்கு அடித்துக் கொடுத்தாள். அந்தப் பக்கம் மகள் "அம்மா, அம்மா" என்று கத்துவது எல்லாருக்கும் கேட்டது. பேச்சியம்மா எழுந்து நின்றாள். போனைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு அழுதாள். மகளும் அழுதாள்.

அடுத்த காலையில் யாரும் சிரிக்கவில்லை. சாக்கில் மிச்சமிருந்த தகடுகள் எல்லாம் கூடைகளில் ஏறின. கிடைக்காதவர்கள் முறை போட்டுக்கொண்டார்கள்.

கண்டாக்கு நிரஞ்சன், அந்தப் பிரிவில் வேலையை மேற்பார்க்கிற இளம் பிள்ளை, மலையில் வந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"என்னம்மா இது? கொழுந்தெடுக்க வந்தீங்களா, கரண்டு எடுக்க வந்தீங்களா?"

பெண்களின் கைகள் நின்றுவிட்டன. ராக்காயி மட்டும் நிறுத்தாமல் கிள்ளிக்கொண்டே சொன்னாள்: "ரெண்டுந்தாங்கய்யா. கொழுந்து கொறஞ்சா கேளுங்க. உங்க போனும் செத்துத்தானே கெடக்கும்? குடுங்க, சாயங்காலம் தர்றேன்."

நிரஞ்சன் மேலே ஒரு தரம் பார்த்தார், கீழே பாதையில் துரையின் ஜீப் வருகிறதா என்று பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல அடுத்த நிரைக்குப் போனார். மலை முழுக்கச் சிரித்தது.

அன்று சுதர்ஷினி கடைக்குப் போகிற வழியில் மேல்பாதையில் நின்று கீழே பார்த்தாள். பச்சைக்குள் பெண்கள் வரிசையாக அசைந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முதுகிலும் ஒரு துண்டு வானம். மேகம் ஒன்று மலையைக் கடந்தபோது அது முதுகு முதுகாகத் தாவிப் போவதை அவள் பார்த்தாள். ராக்காயி குனிந்தால் வானம் குனிந்தது, நிமிர்ந்தால் நிமிர்ந்தது. அவள் அம்மாவின் முதுகை எத்தனையோ தரம் தைலம் போட்டுத் தேய்த்திருக்கிறாள். அதற்குள் இவ்வளவு வெளிச்சம் இறங்கும் என்று நினைத்ததேயில்லை. பாதை திருத்தி மறுபடி ஓடத் தொடங்கியிருந்த பஸ் பக்கத்தில் வந்து நின்று, ஹோர்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

கரண்டு பிறகு வந்தது. சிலர் தகட்டைக் கழற்றினார்கள், பலர் கழற்றவில்லை. பின்பக்கத்து அடுப்படிக்கு ஒரு லைட், கேட்பதற்கு ஒரு ரேடியோ என்று பழகிவிட்டது. அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமாக வந்து "கூடைத் தகடு இருக்கா?" என்று கேட்டார்கள். அந்தப் பெயரே கடையில் நிலைத்தது. ஷிஹாம் அட்டனில் இன்னொரு கடை எடுத்தார்.

"அதை நீ பாரு புள்ள. எனக்குக் கூரை ஏற ஏலா" என்றார் சுதர்ஷினியிடம். அவள் சரி என்றாள். லயத்துக் கூரைக்கு மட்டும் கம்பனியிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.

சித்திரை வருஷப் பிறப்பு விடுமுறையில் நுவரெலியாவில் ஒரு விடுதிக்குத் தகடு பொருத்துகிற வேலை வந்தது. தோட்டத்தில் வேலை இல்லாத நாள். ராக்காயியும் கூட வந்தாள். மகள் எங்கேதான் ஏறி நிற்கிறாள் என்று பார்க்க வேண்டுமாம். மொட்டை மாடி என்பதால் படி இருந்தது. அவள் ஏறி வந்து, ஏரியைப் பார்த்தாள், பூத்துக் கிடந்த ஊரைப் பார்த்தாள், கொண்டுவந்த ரொட்டியைப் பிட்டுத் தின்றாள். பிறகு, பிரித்து வைத்திருந்த அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் மெதுவாகச் சாய்ந்தாள்.

"கொஞ்சம் கண்ணை மூடிக்கிறேன் சுதா."

வெயில் இளஞ்சூடாக விழுந்துகொண்டிருந்தது. கையில் வேலை இல்லாமல், முதுகில் ஒன்றும் இல்லாமல் அம்மா வெயிலில் படுத்து சுதர்ஷினி பார்த்ததில்லை. சேலைத் தலைப்பு காற்றில் லேசாக அசைந்தது. வாய் சற்றே திறந்து, முகத்துச் சுருக்கமெல்லாம் தளர்ந்து, யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லாத ஒருத்தி போல ராக்காயி தூங்கினாள்.

வேலையாள் ஒருவர் துளை போடும் மெஷினை எடுத்தார். சுதர்ஷினி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அண்ணே, மொதல்ல அந்தக் கோடிப் பக்கம் போடுங்க" என்றாள், குரலைத் தாழ்த்தி. "இந்தப் பக்கம் அப்புறமா பாத்துக்கலாம்."