பிளக்-இன் எழுதி நான் கெடுத்தவை

மென்பொருள் எழுதுகிறேன் என்று சொன்னால் பெண் பார்க்கப் போன வீட்டில் மரியாதை கிடைக்கும். மென்பொருளுக்குப் பிளக்-இன் எழுதுகிறேன் என்று சொன்னால், அது என்னவென்று விளக்கி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும்.

இங்கேயும் ஒருமுறை விளக்கிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ரயில்வே கேட், லிஃப்ட், ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றும் பம்ப் என்று, தப்பு நடந்தால் ஆளுக்கே ஆபத்து என்கிற சாமான்கள் இருக்கின்றன. இவற்றுக்குப் புரோகிராம் எழுதும் முன்பே விதிகளைக் கணக்காக எழுதி வைப்பார்கள். அந்தக் கணக்குக்கு மாடல் என்று பெயர். 'ரயில் வரும்போது கேட் திறந்திருக்கக் கூடாது' என்பது ஒரு விதி. அது எந்த நிலையிலும் மீறப்படாது என்று நிரூபித்துக் காட்ட ஒரு கருவி உண்டு. கருவியைச் செய்தவர்கள் எங்கேயோ வெளிநாட்டில் இருக்கிறார்கள். அதில் இல்லாத வசதியைச் செய்து ஒட்டுவது எங்கள் வேலை. ஸ்கூட்டரை ஒரு கம்பெனி செய்யும். அதற்குக் கேரியர் மாட்டித் தர தெருமுனையில் ஒரு கடை இருக்கும் இல்லையா, அந்தக் கடைதான் நாங்கள். புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் நாலு பேர். எனக்கு இங்கே பதினோரு வருஷம். அடுத்தவன் செய்த பொருளுக்கு ஒட்டுப்போட்டுப் பிழைக்கிறவர் உங்களில் யாராவது இருந்தால், கீழே வருவது எதுவும் உங்களுக்குப் புதிதாக இருக்காது.

சாம்பல் நிறம் எடுப்பாக இல்லை

கல்யாணி மேடம் மருந்து பம்ப் செய்யும் கம்பெனியில் இன்ஜினியர். ஊருக்கு வெளியே தொழிற்பேட்டையில் அந்தக் கம்பெனி. கணக்குக் குறிகளைக் காட்டினால் மேலதிகாரிகள் கொட்டாவி விடுகிறார்கள், படமாகக் காட்ட ஒரு பிளக்-இன் வேண்டும் என்று கேட்டார். செய்து கொடுத்தேன். ஒவ்வொரு விதிக்கும் ஒரு கட்டம். நிரூபித்தாகிவிட்டால் பச்சை, தோற்றால் சிவப்பு, இன்னும் சோதிக்கவே இல்லை என்றால் சாம்பல். ஆனால் புதிதாகத் திறந்தால் திரை முழுக்கச் சாம்பலாக, மழையில் நனைந்த பேப்பர் மாதிரி இருந்தது. பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று சோதிக்காததற்கு இளம்பச்சை வைத்தேன். நிரூபித்ததற்குக் கரும்பச்சை. என் திரையில் இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் தெரிந்தது.

அவர்களுடைய மீட்டிங் அறையில் புரொஜெக்டர் பழசு. சுவரில் எல்லாமே ஒரே பச்சையாக விழுந்திருக்கிறது. மேலதிகாரிகள் தலையாட்டி, அடுத்த கட்டத்துக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து கல்யாணி மேடம் தன் மேஜையில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்திருக்கிறது, 'மருந்துப் பை காலியானால் பம்ப் நிற்க வேண்டும்' என்ற விதியை யாரும் சோதிக்கவே இல்லை. சோதித்தார். தோற்றது. பை காலியாகிற அதே நொடியில் கரண்ட் போய் வந்தால் பம்ப் நிற்காது.

பம்ப் இன்னும் செய்யப்படவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதே அறையில், அதே ஆட்கள் முன்னால் எழுந்து நின்று, போன தடவை காட்டியது தப்பு என்று சொன்னது அவர்தான். அதற்குப் பிறகு அவர் எதை அனுப்பினாலும் இன்னொருத்தர் கையெழுத்தும் வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்தார். கோபமாக ஒரு வார்த்தை வரவில்லை. டம்ளரை வைத்துவிட்டு இதைத்தான் சொன்னார்: "உங்க கணக்கு மேல சந்தேகம் இருந்துச்சு சார், அதனால அதை ரெண்டு தடவை பார்த்தேன். உங்க கலர் மேல சந்தேகப்படணும்னு எனக்குத் தோணல."

நீ என்று சொன்ன மெஷின்

பக்கத்து மேஜை அந்துவான். என் வயதுதான். அவன் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். வீட்டில் பாதிப் பேச்சு பிரெஞ்சு. அதனால் பிரான்சு வாடிக்கையாளர்கள் எல்லாம் அவன் பொறுப்பு. அவர்களில் ஒருவர் லிஃப்ட் வடிவமைப்பவர், ரிட்டயராகப் போகிற வயது. வியாழக்கிழமை தவறாமல் போன் செய்வார். அரைமணி நேரம் பேசினால் அதில் பத்து நிமிஷம் அங்கே குளிர், இங்கே வெயில் என்று போகும்.

ஒரு வாரம் அந்துவான் சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் காரைக்கால் போயிருந்தான். "ஏதாவது பிரெஞ்சுல சேர்த்தா எனக்குக் காட்டிட்டு அனுப்பு" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். எதையாவது விட்டுவிட்டால் திரையில் வரும் எச்சரிக்கை, மூன்றே மூன்று வரி, இதற்கு எதற்கு அவனைத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று இன்டர்நெட்டில் மொழிபெயர்த்துப் போட்டு அனுப்பிவிட்டேன். பிரெஞ்சிலும் நம்மைப் போல நீ, நீங்கள் உண்டு என்பது எனக்குத் தெரியாததில்லை. பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்று வியாழன் போன் வரவில்லை. அந்துவானே கூப்பிட்டுப் பேசினான். நான் அன்றைக்கே திருத்தி அனுப்பினேன். பெரியவர் எங்கள் பிளக்-இன்னைத் திரும்பத் திறக்காமலே ரிட்டயர் ஆனார். அவர் சொன்னதை அந்துவான் வார்த்தை மாறாமல் தமிழில் சொன்னான்: "முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்திருக்கேன், 'நீ மறந்துட்ட'ன்னு என்கிட்ட சொன்ன முதல் மெஷின் உங்களோடதுதான்."

முடித்துக் கொடு

தமிழரசி மேடம் இங்கேயே லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறார். மாணவர்கள் நிரூபணத்தில் பாதி வழியில் சிக்கி நின்றுவிடுகிறார்கள், ஒரு சின்னத் துப்பு மட்டும் கொடுக்கிற மாதிரி ஏதாவது செய்து தர முடியுமா என்று கேட்டார். துப்பு கொடுப்பதுதான் கஷ்டம். எங்கே சிக்கினார்கள், எவ்வளவு சொன்னால் போதும் என்று யோசிக்க வேண்டும். முழு நிரூபணத்தையும் கருவியே முடித்துவிடுவது எனக்குச் சுலபம். அதைச் செய்து, 'முடித்துக் கொடு' என்று ஒரு பொத்தானும் வைத்துக் கொடுத்தேன். கேட்டதற்கு மேலேயே செய்திருக்கிறோம் என்ற பெருமை வேறு.

அந்த வருஷம் செய்முறைத் தேர்வில் வகுப்பு மொத்தமும் தேறியது. வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவர், ஏன் இந்த விதி மீறப்படாது என்று ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறார். வரிசையாக எல்லாரும் அந்தப் பொத்தானைக் காட்டியிருக்கிறார்கள். மறுநாள் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு மாடி ஏறி வந்த தமிழரசி மேடம் உட்காரக்கூட இல்லை. "முன்னாடி புரியாம பெயிலானாங்க சார், இப்ப புரியாம பாஸாகுறாங்க."

குமுதா இல்லாத வெள்ளிக்கிழமை

இதை எழுதலாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன்.

குமுதா எங்கள் பரிசோதகர். நாங்கள் எழுதுவதை உடைத்துப் பார்ப்பது அவள் வேலை. ஊர் வீராம்பட்டினம். வருஷம் முழுக்க லீவு கேட்க மாட்டாள், ஆடி மாதம் அம்மன் கோயில் தேருக்கு மட்டும் கேட்பாள். அந்த வருஷமும் கேட்டாள், கொடுத்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் கிளம்பும்போது, "பழைய ஃபைலைப் புதுசுல திறந்தா இன்னா ஆவுதுன்னு மட்டும் பாக்கல சார். திங்கக்கிழம வந்து முடிச்சிர்றேன், அதுவரைக்கும் அனுப்பாதீங்க" என்றாள். சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் தாமோதரன் சாரின் போன். சென்னையில் ரயில்வே கேட் செய்யும் கம்பெனியில் அவர் மாடல் எழுதுகிறவர். புதுப் பதிப்பு எப்போது வரும் என்று சாதாரணமாகத்தான் கேட்டார், அவசரம் ஒன்றும் இல்லை. "இன்னிக்கே அனுப்பிடறேன் சார்" என்று என் வாய் சொன்னது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. வாடிக்கையாளர் கேட்டதும் இருக்கிறது என்று சொல்லுகிற ஒரு சுகம், அவ்வளவுதான் போல. அனுப்பினேன். அவர் எட்டு மாதமாகக் கையால் ஒவ்வொரு படியாக நிரூபித்து வைத்திருந்த ஃபைலைப் புதுப் பதிப்பில் திறந்தார். அது பழைய நிரூபணங்களைப் படிக்கத் தெரியாமல், அந்த இடங்களைக் காலியாக்கி, தானே சேமித்தும் வைத்துவிட்டது. அவரிடம் இருந்த நகல் மூன்று மாதம் பழசு.

மூன்று மாத வேலையை அவர் மறுபடி செய்தார். மஸ்கட்டில் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பார்த்துவிட்டு வர லீவு வாங்கி டிக்கெட்டும் எடுத்திருந்தார். அதை ரத்து செய்துவிட்டார் என்பதை அவர் சொல்லவில்லை, அவருடன் வேலை செய்பவர் சொல்லித் தெரிந்தது. நான் போன் செய்தபோது, "பரவால்ல, இந்தத் தடவ கொஞ்சம் சுத்தமா பண்றேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை குமுதா வந்தாள். நெற்றியில் குங்குமம், கையில் கோயில் பிரசாதப் பொட்டலம். நடந்ததைச் சொன்னேன். பொட்டலத்தை என் மேஜையில் வைத்துவிட்டு, முதல் வேலையாகப் பழைய ஃபைலைத் திறந்து பார்த்தாள். இருபது நிமிஷத்தில் பிழை அகப்பட்டது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "நான் லீவு போடாம இருந்திருக்கலாம்னு எல்லாரும் சொல்லுவாங்க சார், நீங்க அனுப்பாம இருந்திருக்கலாம்னு யாரும் சொல்ல மாட்டாங்க."

அப்படித்தான் நடந்தது. எங்கள் முதலாளி கேட்டபோது, பரிசோதகர் லீவில் இருந்தார் என்று ஒருவர் சொன்னார். நான் மறுத்துப் பேசினேன். ஆனால் கொஞ்சம் தாமதமாகப் பேசினேன்.

அந்துவானின் பட்டியல்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூன்று மாதம் உட்கார்ந்து அந்துவான் தானாகவே ஒரு பிளக்-இன் எழுதினான். மாடல் எதையெல்லாம் நிரூபிக்காமல் நம்பிக்கொள்கிறது என்று தேடிப் பட்டியல் போடும். 'பிரேக் எப்போதும் பிடிக்கும்', 'டிரைவர் சிக்னலைப் பார்ப்பார்' என்று வரிசையாக வரும். படம் கிடையாது, கலர் கிடையாது. ஒரு பட்டியல், அவ்வளவே. எனக்குக் காட்டினான். "நல்லாருக்கு, இப்ப வேணாம், அப்புறம் பார்க்கலாம்" என்றேன். இதைக் காட்டினால் வாடிக்கையாளர் பயந்துவிடுவார் என்று மற்றவர்களிடம் காரணம் சொன்னேன். உண்மையான காரணம் வேறு. என் படம் போடும் பிளக்-இன்னைவிட அது நல்லதாக இருந்தது. இதை இப்போதுதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

அவன் அதைப் பற்றித் திரும்பப் பேசவில்லை. அடுத்த வருஷம் மனைவி, பிள்ளைகளுடன் பிரான்சுக்கே போய்விட்டான். குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது, என்றைக்கு வேண்டுமானாலும் போகலாம். ஆனாலும் போவான் என்று நான் நினைக்கவில்லை. கிளம்பும் முன் கடற்கரையில் ஒரு மணி நேரம் நடந்தோம். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பற்றித்தான் பேசினான்.

போன வருஷம் தாமோதரன் சார் கேட்டார், "எங்க மாடல் எதையெல்லாம் நம்பி நிக்குதுன்னு ஒரு லிஸ்ட் எடுத்துத் தர முடியுமா?" ஒரு ஊரில் கேட் மூடுவதற்குள் மாடு தண்டவாளத்தில் நின்றிருக்கிறது, குறுக்கே எதுவும் நிற்காது என்று மாடல் நம்பியிருந்தது. நல்லவேளை, டிரைவர் பார்த்து நிறுத்திவிட்டார். அந்துவானின் பட்டியலில் அது நான்காவது வரியாக வந்திருக்கும். தேடினேன். அவன் கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் அழித்துப் புது ஆளுக்குக் கொடுத்தது நானேதான்.

பிரான்சுக்குப் போன் செய்தேன். இப்போது ஒரு பழக் கிடங்கில் சரக்குக் கணக்குப் பார்க்கிறானாம், கம்ப்யூட்டர் வேலையே இல்லையாம். அவனிடமும் நகல் இல்லை. "இன்னாபா, இவ்ளோ வருஷம் கழிச்சுத் தேடற" என்று சிரித்தான். அன்றைக்கு ஏன் வேண்டாம் என்றேன் என்பதை அவனிடம் சொன்னேன். அவன் சொன்னான்: "அது நல்லால்லன்னு நெனச்சுதான் நான் இந்த வேலையையே விட்டேன்."

என்ன நடக்கவே கூடாது என்று ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்துப் பதினோரு வருஷம் ஓட்டிவிட்டேன். நான் செய்த இதையெல்லாம் அந்தக் கருவியிலேயே போட்டுச் சோதித்தாலும், ஒரு விதியும் மீறப்படவில்லை என்றுதான் வரும்.